கம்பி அறுந்தால் நஷ்டம் யாருக்கு?



குளிரில் பற்கள் கிடுகிடுவென்று ஆடினால் "பல் தந்தி அடிக்குது" என்று இன்றும் சொல்கிறோம். தந்திச் சேவையை 2013 ஜூலை மாதமே மூடிவிட்டார்கள். அந்தக் கருவியின் சத்தத்தை ஒருமுறைகூடக் கேட்காத என் வயதுக்காரர்களும் இதைத்தான் சொல்கிறோம். சேவை போய்ச் சேர்ந்த பிறகும் சொல் மட்டும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எங்கள் வகுப்பில் ஒருநாள் "இன்டர்நெட் இல்லாமல் வாழ முடியுமா?" என்று ஒரு விவாதம் நடந்தது. பாதிப் பேர் "முடியவே முடியாது" என்றார்கள். மீதிப் பேர் "அந்தக் காலத்தில் எல்லோரும் வாழவில்லையா?" என்றார்கள். எனக்கு இரண்டுமே திருப்தியாக இல்லை. ஏனென்றால் இது கற்பனைக் கேள்வி அல்ல. கம்பி அறுந்துபோன நாட்கள் நம் சரித்திரத்தில் உண்மையாகவே நிறைய இருக்கின்றன. சில சமயம் புயல் அறுத்தது, சில சமயம் கப்பல் அறுத்தது, சில சமயம் அரசாங்கமே அறுத்தது. அந்த நாட்களில் என்ன நடந்தது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும். வணிகவியல் படிக்கிறவன் என்பதால் எனக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. அறுந்ததால் வந்த நஷ்டத்தை யார் கணக்கில் எழுதினார்கள்?

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

இந்தியாவில் முதல் சோதனைத் தந்திக் கம்பி 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே போடப்பட்டது. அடுத்த சில வருடங்களிலேயே கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை எல்லாம் இணைந்துவிட்டன. 1870-ல் கடலுக்கடியில் பம்பாயிலிருந்து சூயஸ் வழியாக லண்டன் வரை கேபிள் வந்தது. 1871-ல் நம் சென்னையிலிருந்து பினாங்குக்கும் அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கேபிள் போனது. இதில் ஒரு வேடிக்கை. 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கண்ணாடி இழைக் கேபிள் போட்டபோது, 131 வருடங்களுக்கு முன் செப்புக் கம்பி போன அதே திசையில்தான் போட்டார்கள். வியாபாரம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் கம்பியும் போகும் போலிருக்கிறது.

அந்தக் காலத்து வியாபாரிகள் தந்தியை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பதை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம். எங்கள் பக்கத்து மல்லாட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள் (வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன், வெளியூர்க்காரர்கள் மன்னிக்கவும்). பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் தென்னார்க்காட்டு மல்லாட்டை பாண்டிச்சேரியில் கப்பலேறிப் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே விலை ஏறியதா இறங்கியதா என்று முதலில் தெரிந்துகொள்பவனுக்குத்தான் லாபம். கடிதம் கப்பலில் வருவதற்குள் விலையே மாறியிருக்கும். தந்திக்கோ ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அதனால் ஒரு முழு வாக்கியத்தையே ஒரு சொல்லில் அடக்கும் குறியீட்டுப் புத்தகங்களை வியாபாரிகள் வைத்திருந்தார்கள். 'ஏபிசி கோடு' என்பது அப்படி ஒன்று. ஒரு சொல் தவறாக வந்தால் வாங்கு என்பது விற்பாகிவிடும்!

அப்படித் தவறினால் நஷ்டம் யாருக்கு? 1885-ம் வருட இந்தியத் தந்திச் சட்டத்தின் 9-வது பிரிவு இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது. செய்தியைப் பெறுவதிலோ அனுப்புவதிலோ கொடுப்பதிலோ தந்தி ஊழியர் தவறினால், அதனால் ஏற்படும் இழப்புக்கு அரசு பொறுப்பல்ல. அவ்வளவுதான். கம்பி அரசாங்கத்துடையது, நஷ்டம் உங்களுடையது. இந்தப் பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கிராமத்தில் தந்தியின் கதை வேறு. தந்திச் சேவகர் தெருவில் நுழைந்தாலே சாவுச் செய்தி என்று அர்த்தம். பிரித்துப் படிக்கும் முன்பே ஒப்பாரி தொடங்கிவிடுமாம். "வேலை கிடைத்துவிட்டது" என்று வந்த தந்திக்கு அழுத வீடுகளும் உண்டு என்று பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஊரில் பெரும்பாலோர் வருடத்துக்கு ஒரு தந்திகூடப் பார்க்காதவர்கள். கம்பி அறுந்தால் அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நஷ்டம் வியாபாரிக்கும் அரசுக்கும் மட்டும்தான். இன்றைக்கும் அன்றைக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கம்பியை அறுப்பது யுத்த தந்திரமாகவும் இருந்தது. எம்டன் கப்பலைத் தெரியாத தமிழர் உண்டா? "அவன் பெரிய எம்டன்" என்று திட்டுகிறோமே, அதே கப்பல்தான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டு எரித்தது. சென்னையிலிருந்து பலர் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். அந்தக் கப்பல் எப்படி அழிந்தது என்பதுதான் நமக்கு வேண்டிய விஷயம். அதே வருடம் நவம்பர் 9-ம் தேதி இந்தியப் பெருங்கடலில் கோகோஸ் தீவுகளில் இருந்த கேபிள் நிலையத்தை நாசம் செய்ய அது தன் ஆட்களை இறக்கியது. கரைக்கு வந்தவர்கள் கருவிகளை உடைத்தார்கள், கேபிளை வெட்டினார்கள். ஆனால் அவர்கள் படகிலிருந்து இறங்கும் முன்பே, விசித்திரமான கப்பல் ஒன்று வந்திருக்கிறது என்று நிலைய ஊழியர்கள் செய்தி அனுப்பிவிட்டார்கள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் 'சிட்னி' வந்து எம்டனை ஒழித்தது. சென்னையைப் பயமுறுத்திய கப்பல் கம்பி அறுக்கப் போன இடத்தில் மாட்டிக்கொண்டது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் தொடங்கியது. சென்னை, பெங்களூர், ஐதராபாத் எல்லாம் மென்பொருளையும் கால் சென்டரையும் வைத்து வளர்ந்தன. 2008 ஜனவரி 30-ல் எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலுக்கடியில் இரண்டு கேபிள்கள் அறுந்தன. இரண்டு நாள் கழித்துத் துபாய்ப் பக்கம் மூன்றாவதாக ஒன்று. அது அறுந்ததற்குக் காரணம், யாரோ கைவிட்டுப் போன ஒரு நங்கூரம்! எங்கேயோ எகிப்தில் அறுந்ததற்கு இந்தியாவின் இணையத் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டது என்று சேவை நிறுவனங்களின் சங்கம் சொன்னது. நாம் 'ஆகாயத்தில் வருகிறது' என்று நினைக்கும் இணையத்தின் பெரும்பகுதி தோட்டத்துத் தண்ணீர்க் குழாய் அளவு தடிமன் உள்ள கேபிளில், கடல் மண்ணில் கிடந்துதான் வருகிறது என்பது பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

பழுது பார்க்கும் முறையும் பழைய முறைதான். கப்பல் போய், கொக்கி போட்டுத் தரையைத் துழாவி, அறுந்த நுனியை மேலே இழுத்து, புதுத் துண்டு சேர்த்து ஒட்டி, மறுபடி கடலில் விட வேண்டும். விக்டோரியா மகாராணி காலத்திலும் இதைத்தான் செய்தார்கள். ஏறக்குறைய பத்து நாளில் சரியானது. அதுவரை பெரிய நிறுவனங்கள் என்ன செய்தன? மேற்கே போகும் வழி அடைபட்டதால் கிழக்கே சிங்கப்பூர், பசிபிக் கடல் வழியாகச் சுற்றிப் போயின. முன்கூட்டியே இரண்டு வழிக்கும் பணம் கட்டி வைத்திருந்த நிறுவனங்களுக்கு அதிகம் வலிக்கவில்லை. ஒரே வழியை நம்பியிருந்த சின்ன நிறுவனங்களுக்கும் தெருவோர பிரவுசிங் சென்டர்களுக்கும்தான் அடி. மாற்று வழி வைத்துக்கொள்ள காசு உள்ளவனுக்கு அசௌகரியம், இல்லாதவனுக்கு நஷ்டம். இது திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கப் போகிறீர்கள்.

அதைவிட மோசமானது 2016 டிசம்பர். நவம்பர் 8-ம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் சுமார் 86 சதவீதம் ஒரே இரவில் போய்விட்டது. ஏ.டி.எம்.மில் நாளைக்கு 2,500 ரூபாய்தான், அதுவும் இருந்தால்! "கார்டில் கொடுங்கள், செல்போனில் கொடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. கரண்ட் போனது, செல்போன் கோபுரங்கள் ஓய்ந்தன, கடலடிக் கேபிளும் சேதமானது. இப்போது கையில் நோட்டும் இல்லை, கார்டு மெஷினும் வேலை செய்யவில்லை. பால், மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன் வாங்க வேண்டிய நாளில் வங்கியில் பணம் இருந்தும் கையில் காசில்லாமல் நின்றார்கள். இரண்டு மாதம் முன்பு அதே புயல் வந்திருந்தால் வீட்டு டப்பாவில் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டு காப்பாற்றியிருக்கும். அன்றைக்குச் சென்னையைக் காப்பாற்றியது என்ன தெரியுமா? "அப்புறமா குடுங்க" என்று சொன்ன தெருமுனை அண்ணாச்சிக் கடைகள்தான். கடன் நோட்டுக்குக் கரண்ட் தேவையில்லை.

புயல் அறுப்பது ஒரு வகை. அரசே அறுப்பது இன்னொரு வகை. 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள் ஊர்வலத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தது. பதின்மூன்று பேர் இறந்தார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை ஐந்து நாட்களுக்கு நிறுத்தி உத்தரவு வந்தது. வதந்தி பரவக் கூடாது என்பது அரசு சொன்ன காரணம். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தேடிய குடும்பங்களுக்கும் அதே கம்பிதான் தேவைப்பட்டது. தூத்துக்குடியில் நடந்ததற்குக் கன்னியாகுமரியில் இருப்பவர் ஏன் இணையம் இழக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையிலும் கேள்வி எழுந்தது.

இந்த உத்தரவுகள் எந்தச் சட்டத்தின்படி வருகின்றன? நம்புங்கள், மேலே சொன்ன அதே 1885-ம் வருடத் தந்திச் சட்டம்தான். பொது அவசர நிலையில் தந்தியை நிறுத்திவைக்கலாம் என்கிற அதன் 5-வது பிரிவை வைத்து 2017 ஆகஸ்டில் விதிகள் எழுதினார்கள். தந்தியே செத்து நாலு வருடம் கழித்து அதன் சட்டம் இணையத்தை நிறுத்தக் கிளம்பியது! பிறகு 2023-ல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது, 2024 நவம்பரில் புது விதிகள் வந்தன. அதிகாரம் அப்படியேதான் இருக்கிறது.

இந்தியாவில் மிக நீண்ட இருட்டு காஷ்மீரில். 2019 ஆகஸ்டில் நிறுத்திய இணையம், 2020 ஜனவரியில் மெதுவான 2ஜி-யாக, அதுவும் அனுமதித்த தளங்களுக்கு மட்டும், மெல்லத் திரும்பியது. 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். ஒன்றரை வருடம். இடையில் 2020 ஜனவரி 10-ல் உச்ச நீதிமன்றம், காலவரையின்றி இணையத்தை நிறுத்தி வைக்க முடியாது, நிறுத்தும் உத்தரவுகளை மக்களுக்குத் தெரியும்படி வெளியிட வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் நிறுத்திய நாட்களில் கடை மூடியவனுக்கும் விண்ணப்பம் அனுப்ப முடியாமல் வேலையை விட்டவனுக்கும் யார் ஈடு கொடுப்பது என்பதற்கு அதில் பதில் இல்லை.

ஒன்றரை வருடமே அதிகம் என்று தோன்றுகிறதா? இன்டர்நெட் வருவதற்கு முன்பே தமிழர்கள் இதைவிட நீண்ட இருட்டைப் பார்த்திருக்கிறார்கள். யாழ்ப்பாணம்.

1990 ஜூனில் இலங்கையில் போர் மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரமும் தொலைபேசியும் போய்விட்டன. பெட்ரோல், மண்ணெண்ணெய், பேட்டரி என்று நீண்ட பட்டியல் போட்டுப் பொருளாதாரத் தடை விதித்தது அரசு. 1995 வரை, அதாவது ஐந்து வருடங்களுக்கு மேல், லட்சக்கணக்கான மக்கள் அப்படியே வாழ்ந்தார்கள். சென்னையில் இணையம் தொடங்கிய அதே 1995 ஆகஸ்டில், பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ஒரு டார்ச் லைட் பேட்டரிகூட அரிதான பொருள்!

அவர்கள் சமாளித்த விதத்தைப் படிக்கப் படிக்க ஆச்சரியமாக இருக்கிறது. ரேடியோவுக்கு பேட்டரி இல்லை, ஆனால் சைக்கிளில் டைனமோ இருக்கிறது. சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி ஒருவர் பெடலை மிதிக்க, டைனமோவிலிருந்து ஒயர் இழுத்து ரேடியோவில் கொடுத்து, சுற்றி நின்று லண்டன் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். மிதிப்பவர் களைத்தால் செய்தி மங்கிவிடும், அடுத்தவர் ஏற வேண்டும். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் திரியும் வைத்துச் சின்ன விளக்கு செய்தார்கள். அந்த வெளிச்சத்தில் படித்து உயர்தரப் பரீட்சை எழுதித் தேறிய ஒரு தலைமுறையே இருக்கிறது. மோட்டார் சைக்கிளுக்கு ஒரு துளி பெட்ரோல் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அச்சடிக்கக் காகிதம் கிடைக்காதபோது 'உதயன்' பத்திரிகை பள்ளிக்கூடக் கோடு போட்ட தாளில்கூட வந்தது. நின்றுபோகவில்லை.

கடிதங்கள் செஞ்சிலுவைக் குழு மூலமாகவும், கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்த பயணிகளின் மடியிலும் போயின. அந்தக் கடப்பில் உயிரிழந்தவர்கள் பலர். வெளிநாட்டில் இருந்த பிள்ளையோடு பேசக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ வர வேண்டும். பணம் 'உண்டியல்' முறையில் வந்தது. லண்டனிலோ டொரண்டோவிலோ ஒருவரிடம் கொடுத்தால், இங்கே அவருடைய ஆள் குடும்பத்திடம் சேர்ப்பார். ரசீது கிடையாது, நம்பிக்கை மட்டும்தான். எங்கள் பாடப் புத்தகத்தில் 'உண்டி' என்று அரைப் பக்கத்தில் முடித்துவிடுகிற விஷயம் அங்கே குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

இதைச் சொல்லும்போது "பார்த்தாயா, இணையம் இல்லாமலும் வாழலாம்" என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அது சரியல்ல. அவர்கள் விரும்பி அப்படி வாழவில்லை. மருந்தில்லாமலும் மின்சாரம் இல்லாத ஆஸ்பத்திரியிலும் போன உயிர்களைச் சேர்த்துத்தான் அந்த ஐந்து வருடத்தைப் பேச வேண்டும். நான் கவனித்தது வேறு. அவர்களால் சமாளிக்க முடிந்ததற்குக் காரணம், கீழே ஒரு பழைய அடுக்கு இருந்தது. மின்சாரம் போனால் மண்ணெண்ணெய், பேட்டரி போனால் டைனமோ, தொலைபேசி போனால் கடிதம், ரேடியோவில் சிற்றலை ஒலிபரப்பு. கொழும்பு அரசு தடை விதித்துக்கொண்டே அரசு ஊழியர்களுக்குச் சம்பளமும் அனுப்பியது என்பது இதில் விசித்திரமான இன்னொரு அடுக்கு.

இன்று அந்த அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது. தந்தி 2013-ல் போனது. தெருவுக்குத் தெரு இருந்த எஸ்.டி.டி. பூத் போயே போச்சு. தபால்காரர் கொண்டுவந்த மணியார்டர்கூட இப்போது உள்ளுக்குள் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகிறது. பெயர் பழையது, பாதை புதியது. முன்பு வங்கிக் கிளையின் கணக்கு அந்தக் கிளையின் பேரேட்டில் இருந்தது. மேனேஜர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துப் பணம் கொடுக்கலாம். கோர் பேங்கிங் வந்த பிறகு கணக்கு எங்கேயோ இருக்கும் சர்வரில். கம்பி இல்லையென்றால் உங்களை நேரில் தெரிந்த மேனேஜருக்கும் உங்கள் இருப்பு எவ்வளவு என்று தெரியாது. இந்த மாற்றங்களால் நன்மை இல்லை என்று சொல்லவில்லை. எந்தக் கிளையிலும் பணம் எடுக்கலாம் என்பது என் அப்பா காலத்தில் கனவு. ஆனால் மேல் மாடி கட்டும்போது கீழ்த் தளத்தை இடித்து அந்தச் செங்கல்லையே எடுத்துக் கட்டியிருக்கிறோம்.

எங்கள் ஊர்ப் பக்கம் இது எப்படி இருக்கிறது?

உளுந்தூர்பேட்டை என்றால் பலருக்குச் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் சேலம் ரோடு பிரியும் இடம் என்றுதான் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் அப்படியே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. டிசம்பர் 2-ம் தேதி சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட, தென்பெண்ணை கரை தாண்டியது. அரசூரில் நெடுஞ்சாலைமேலேயே வெள்ளம் ஓடியதால் எங்களுக்கும் சென்னைக்கும் இருந்த சாலைத் தொடர்பே அறுந்தது. கரண்ட் போனால் செல்போன் கோபுரம் கொஞ்ச நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு டீசல் வேண்டும். சாலை இல்லாவிட்டால் டீசல் எங்கே வரும்? ஆக இணையம் என்பது கேபிள் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் கரண்ட், அதற்குப் பின்னால் டீசல், அதற்குப் பின்னால் ரோடு.

மேற்கே கல்வராயன் மலைக்குப் போனால் கேள்வியே தலைகீழ். அங்கே பல கிராமங்களுக்கு சிக்னல் போவது செய்தியல்ல, வருவதுதான் செய்தி. 2020-ல் பள்ளிகளை மூடி ஆன்லைன் வகுப்பு என்றபோது மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது வேறு கிரகத்து விஷயம். அப்போது உதவியது 2019-ல் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி. அதன் பிறகு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது. கம்பி போய்ச் சேராத இடத்துக்கு ஆள் போய்ச் சேர முடியும் என்று அரசே ஒப்புக்கொண்ட அபூர்வ சந்தர்ப்பம் அது.

இப்போது அந்த 9-வது பிரிவுக்குத் திரும்புகிறேன். நஷ்டம் யாருக்கு?

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் செங்குறிச்சி சுங்கச்சாவடி இருக்கிறது. 2021 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஃபாஸ்டேக் கட்டாயம். ஃபாஸ்டேக் சரியாக இருந்து, கணக்கில் பணமும் இருந்து, சாவடியின் கருவி படிக்காமல் போனால் என்ன ஆகும்? 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை சொல்கிறது: வண்டியைக் கட்டணமில்லாமல் விட வேண்டும், பூஜ்யம் என்று ரசீதும் கொடுக்க வேண்டும். உங்கள் மெஷின் கெட்டால் நஷ்டம் உங்களுடையது என்று சாவடியிடம் சொன்ன விதி. அருமையான விதி. இதேபோல் யு.பி.ஐ.யில் கணக்கில் பணம் பிடித்துக்கொண்டு எதிராளிக்குப் போகாமல், குறித்த நாளுக்குள் திரும்பியும் வராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும் என்று 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. 2025 மார்ச் 26-லும் ஏப்ரல் 12-லும் யு.பி.ஐ. நாடு முழுக்கத் தடுமாறியபோது இந்த விதி எத்தனை பேருக்குத் தெரிந்திருந்தது? எங்கள் வகுப்பில் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. வணிகவியல் வகுப்பு என்பதைக் கவனிக்கவும் :)

ஆக, 1885-ல் எழுதியதை மாற்றி எழுத முடியும். காரில் போகிறவருக்கும் வங்கிக் கணக்கில் பணம் புரட்டுகிறவருக்கும் எழுதியிருக்கிறார்கள்.

ரேஷன் கடைக்கு வாருங்கள். 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தது, 2020-ல் கைரேகை வந்தது. போலிக் கணக்கைக் குறைக்க இது உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு கடையில் நான் பல முறை பார்த்த காட்சி: மெஷினில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "சர்வர் இல்லம்மா, நாளைக்கு வாங்க." நூறு நாள் வேலைக்குப் போகாமல் அரிசிக்காக வந்து நின்ற அம்மா திரும்பிப் போவார். அன்றைய கூலி போச்சு, அரிசியும் இல்லை. மறுநாளும் அதே வட்டம் சுற்றினால் இரண்டு நாள் கூலி. அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் வராது. கடைக்காரரைத் திட்டியும் பயனில்லை. மெஷின் இல்லாமல் பொருள் கொடுத்தால் இருப்பில் குறை வந்து அவர் தலையில் விழும் என்று அவருக்கும் பயம்.

கைரேகை விழவில்லை என்பதற்காகப் பொருளை மறுக்கக் கூடாது, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று அரசே சொல்லியிருக்கிறது. கடை வாசலில் பெரிய பலகை இருக்கிறது. அதில் அரிசி, சர்க்கரை, பருப்பு, பாமாயில் இருப்பு எவ்வளவு, விலை என்ன, புகாருக்கு எந்த எண் என்றெல்லாம் சாக்பீஸில் எழுதியிருக்கிறார்கள். மெஷின் வேலை செய்யாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்ற அந்த ஒரு வரி மட்டும் எழுதி நான் இதுவரை பார்த்ததில்லை.